மணி என்ன? காவிரிக் கரையில் நேரச் சொற்கள் வந்த வழி

"மணி என்ன?" என்று யாராவது கேட்டால் கைக்கடிகாரத்தையோ செல்போனையோ பார்த்து "அஞ்சே முக்கால்" என்று சொல்லிவிடுகிறோம். மணி என்பது கோவிலில் தொங்கும் வெண்கலப் பொருள். அது எப்படி நேரத்துக்குப் பெயரானது என்று யாரும் யோசிப்பதில்லை. ஆங்கிலேயர்களும் யோசிப்பதில்லை. 'ஃபைவ் ஓ கிளாக்' என்பதில் வரும் 'ஓ', 'ஆஃப் த கிளாக்' என்பதன் தேய்ந்த வடிவம். 'கிளாக்' என்பது இடைக்கால லத்தீனில் 'குளோக்கா' என்று வழங்கிய சொல். அதற்குப் பொருள் மணி! ஜெர்மானியர்கள் இன்றும் மணியைக் 'குளோக்கே' என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் 'குளோஷ்' என்கிறார்கள். ஐரோப்பாவில் முதலில் செய்யப்பட்ட எந்திரக் கடிகாரங்கள் பலவற்றுக்கு முள்ளும் இல்லை, முகமும் இல்லை. நேரம் வந்தால் மணி அடிக்கும், அவ்வளவுதான். ஆகவே 'ஐந்து மணி'யும் 'ஃபைவ் ஓ கிளாக்'கும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு அல்ல. இரண்டு ஊர்க்காரர்களும் நேரத்தைக் கண்ணால் பார்க்கும் முன்பு காதால் கேட்டார்கள் என்பதற்கு அடையாளம்.

மணி வருவதற்கு முன் இங்கே இருந்தது நாழிகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு இன்றைய கணக்கில் 24 நிமிடம். இரண்டரை நாழிகை சேர்ந்தால் ஒரு மணி. ஏழரை நாழிகை ஒரு ஜாமம், அதாவது மூன்று மணி நேரம். பகலுக்கு நான்கு ஜாமம், இரவுக்கு நான்கு. இதை அளக்க நாழிகை வட்டில் இருந்தது. அடியில் சிறு துளையிட்ட பாத்திரத்தின் வழியாக நீர் புகுவதையோ வடிவதையோ வைத்து நேரம் சொல்வார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டிலேயே, போர்ப் பாசறையில் நீர்க்கடிகாரத்தைப் பார்த்து அரசனுக்கு நேரம் அறிவிக்கும் ஆட்கள் வருகிறார்கள். பிற்காலத்தில் இவர்களுக்கு நாழிகைக் கணக்கர் என்று பெயர். காவிரிக்கரையில் நேரத்தையும் தண்ணீரால்தான் அளந்தார்கள் என்பது கொஞ்சம் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஸ்ரீரங்கம் கோவிலுக்குப் போனவர்கள் ஆர்யபடாள் வாசலைத் தாண்டி உள்ளே போகும்போது நாழிகேட்டான் வாசல் வழியாகச் சென்றிருப்பார்கள். பெயரைப் பிரித்துப் பார்த்தால் நாழிகை கேட்டவன் என்று வருகிறது. உள்ளே நுழைகிறவரிடம் நேரம் என்ன என்று கேட்கும் வாசல் என்று ஊரில் விளக்கம் சொல்வார்கள். கோவிலில் எல்லாமே நேரத்தோடு கட்டப்பட்டவை. காலையில் விஸ்வரூபம், இரவில் அரவணை. ஸ்ரீரங்கத்துக்காரர் "அரவணை முடிஞ்சப்புறம் வரேன்" என்றால் கேட்பவருக்கு அது எந்த நேரம் என்று தெரியும். கடிகாரமே வேண்டாம்! அதே தெருக்களில் இன்றும் வயதானவர்கள் "நாழியாயிடுத்து, கிளம்பு" என்கிறார்கள். அவர்களில் யாரும் 24 நிமிடத்தை நினைத்துச் சொல்வதில்லை. அளவு செத்துவிட்டது, சொல் மட்டும் 'நேரமாகிவிட்டது' என்ற பொருளில் உயிரோடு இருக்கிறது.

'அவர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. கிரேக்கத்தில் 'ஹோரா'. அது லத்தீன், பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய் 'அவர்' ஆனது. அதே 'ஹோரா' சோதிட நூல்களோடு சமஸ்கிருதத்துக்கு வந்தது. பஞ்சாங்கத்தில் 'சுக்கிர ஓரை', 'குரு ஓரை' என்று போடுகிறார்களே, அந்த ஓரை இதுதான். ஓர் ஓரை ஒரு மணி நேரம். தொல்காப்பியத்திலும் 'ஓரை' என்ற சொல் வருகிறது. அது கிரேக்கச் சொல்தான், ஆகவே அந்த நூல் பிற்காலத்தது என்று ச. வையாபுரிப்பிள்ளை வாதிட்டார். இல்லை, அது தமிழ்ச் சொல்லே என்று மறுத்தவர்களும் உண்டு. ஒரு நேரச் சொல்லை வைத்து ஒரு நூலின் வயதையே தீர்மானிக்கப் பார்த்தார்கள் என்றால் இந்தச் சொற்கள் எவ்வளவு கனமானவை என்று தெரியும்.

திருச்சிக்குக் கடிகார நேரத்தைக் கட்டாயமாக்கியது ரயில்தான். நாகப்பட்டினத்தில் தொடங்கிய தடம் 1861-ல் தஞ்சாவூருக்கும் 1862-ல் திருச்சிக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் அதன் சூரியனே நேரம். தலைக்கு மேல் சூரியன் வந்தால் உச்சிப்பொழுது. ஆனால் திருச்சி உச்சிப்பொழுதும் சென்னை உச்சிப்பொழுதும் ஒன்றல்ல. திருச்சி மேற்கே இருப்பதால் ஆறு நிமிடம் தாமதம். மாட்டு வண்டிக்கு ஆறு நிமிடம் பெரிதில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களுக்குப் பெரிது. அதனால் 1870-களிலிருந்து இந்திய ரயில்கள் சென்னை நேரத்தைப் பொது நேரமாக வைத்துக்கொண்டன. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டப்பட்ட வானாய்வகம் கணித்துக் கொடுத்த நேரம் அது. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருந்ததால் சென்னைக்கு இந்த யோகம் அடித்தது.

1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் வந்தது. கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னால். சென்னைக் கடிகாரங்களை ஒன்பது நிமிடம் முன்னே தள்ளி வைத்தார்கள். கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தங்கள் ஊர் நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. திருச்சியில் அப்படிப்பட்ட சண்டை எதுவும் இல்லை. ஆனால் கணக்குப் பார்த்தால் இன்றும் திருச்சியின் உண்மையான உச்சிப்பொழுது சராசரியாகப் பகல் 12.15-ஐ ஒட்டித்தான் வருகிறது. இதில் ஒரு வேடிக்கை. ராகு காலம் என்பது சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையிலான பகலை எட்டாகப் பிரித்து வருவது. காலண்டரிலோ திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று வருஷம் முழுவதும் ஒரே மாதிரி அச்சடித்திருக்கும். தை மாதத்தில் திருச்சியில் சூரியன் உதிப்பது ஆறரைக்கும் மேல். ராகுவும் பொது நேரத்துக்கு மாறிவிட்டார் போலும்!

நேரத்தை மாற்றினால் பேச்சும் மாறும். இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியாவில் கடிகாரங்களை ஒரு மணி முன்னே வைத்திருந்தார்கள். இலங்கையில் 1996-ல் அரசு நேரத்தை முன்னே நகர்த்தியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அதை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தன. சோதனைச் சாவடியைக் கடந்தால் கடிகாரத்தையும் மாற்ற வேண்டும். அங்கே மணி சொல்வது அரசியலாகவே ஆகிவிட்டது. 2006-ல் இலங்கை அரசே பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது.

ரயிலுக்கு அடுத்து வேலைத்தலம். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928-ல் திருச்சி பொன்மலைக்கு வந்தது. அதுவரை ஆற்றோரக் கிராமங்களில் வேலைக்கு இருந்த அளவு 'ஒரு நாள்', 'அரை நாள்'. விடிந்ததும் இறங்கினால் அந்தி வரை ஒரு நாள். சாப்பாட்டு வேளையோடு ஏறிவிட்டால் அரை நாள். கோடையில் நாள் நீளம், மார்கழியில் நாள் குட்டை, கூலி மட்டும் ஒன்றே. பணிமனையில் 'நாள்' என்ற சொல்லுக்குப் பதில் 'மணி நேரம்' வந்தது. 1922-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்று உச்சவரம்பு வைத்தது. 1934-ல் அது 10 மணியாகவும் 54 மணியாகவும் குறைந்தது. 1948-ல் 9 மணியும் 48 மணியும் ஆயிற்று. சென்னைக் கடற்கரையில் 1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியபோது, 'எட்டு மணி நேரம்' உலகமெங்கும் தொழிலாளர்களின் கோஷமாக இருந்தது. மணி நேரத்தை எண்ணலாம், எண்ணியதைக் காட்டிக் கேட்கலாம். அந்தியை எண்ணிக் கேட்க முடியாது. வயலில் வேலை செய்தவர்களுக்கு அப்படி எண்ணிக் கேட்கும் வசதி கிடைக்க இன்னும் வெகுகாலம் ஆனது.

சின்ன அளவுகளின் கதை இன்னும் சுவையானது. நிமிஷம் என்றால் கண் இமைக்கும் நேரம். சமஸ்கிருதத்தில் அது ஒரு நொடிக்கும் குறைவு. ஆங்கிலத்தின் 'மினிட்'டுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தபோது அந்த இமைப்பை எடுத்து 60 நொடியாக இழுத்துவிட்டார்கள். விநாழிகைக்கு நேர்ந்தது நேர்மாறு. விநாழிகை அல்லது விநாடி என்பது நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு, இன்றைய 24 நொடி. அதை 'செகண்ட்' என்பதற்குக் கொடுத்தபோது 24 நொடி ஒரே நொடியாகச் சுருங்கிவிட்டது. ஒன்று வீங்கியது, ஒன்று மெலிந்தது. ஆங்கிலத்திலும் இப்படி உண்டு. 'நூன்' என்றால் லத்தீனில் ஒன்பதாம் மணி, சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் பிற்பகல் மூன்று. அது மெல்ல நகர்ந்து பன்னிரண்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. 'மொமெண்ட்' ஒரு காலத்தில் ஒரு மணியில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை நிமிடம். இன்று "ஒன் மொமெண்ட்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறவர் எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது.

சரி, முக்கொம்புக்கு வருவோம். திருச்சியிலிருந்து கரூர் சாலையில் 18 கிலோமீட்டர் போனால் காவிரி இரண்டாகப் பிரியும் இடம். மேலே ஒரு கிளை, கீழே இரண்டு கிளை, ஆக மூன்று கொம்பு. இந்த 'மு' முக்கால் என்பதிலும் இருக்கிறது. மூன்று கால் சேர்ந்தது முக்கால். தமிழர் மணி சொல்வது பின்னக் கணக்கில். ஐந்தேகால், ஐந்தரை, ஐந்தேமுக்கால். எப்போதும் கடந்துபோன மணியோடு கூட்டிக்கொண்டே போவார்கள். ஆங்கிலேயர் அரை தாண்டியதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். 'ஹாஃப் பாஸ்ட் ஃபைவ்' வரை ஐந்தைப் பார்ப்பவர், அடுத்து 'குவார்ட்டர் டு சிக்ஸ்' என்று ஆறைப் பார்க்கிறார். ஆங்கிலம் புதிதாகப் படிக்கும் தமிழ் மாணவர் 'குவார்ட்டர் டு சிக்ஸ்' என்பதை ஆறேகால் என்று புரிந்துகொண்டு பஸ்ஸைத் தவறவிடுவது இதனால்தான். ஜெர்மானியர்களோ ஐந்தரையை 'அரை ஆறு' என்கிறார்கள். ஆறாவது மணியில் பாதி முடிந்தது என்று அவர்களுக்குக் கணக்கு.

தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் அடிக்கடி காதில் விழும் "பிஃபோர் டூ டேஸ்" என்பது "இரண்டு நாளுக்கு முன்னாடி" என்பதன் நிழல். ஆங்கிலேயர் "டூ டேஸ் அகோ" என்பார். "இரண்டு வருஷமா இருக்கேன்" என்பது "சின்ஸ் டூ இயர்ஸ்" ஆகிறது, அவர்களுக்கு அது "ஃபார்". "டுடே மார்னிங்", "எஸ்டர்டே நைட்" என்பவையும் இன்று காலை, நேற்று ராத்திரி என்பதிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் "திஸ் மார்னிங்", "லாஸ்ட் நைட்". இதில் தமிழ்தான் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. நேற்று என்றால் பகலுக்கும் நேற்று, இரவுக்கும் நேற்று. ஆங்கிலத்தில் ஏன் இரவுக்கு மட்டும் 'லாஸ்ட்' என்று கேட்டால் பதில் கிடையாது, வழக்கம் அப்படி. நாளை மறுநாள் என்பதற்கு ஆங்கிலத்தில் இன்று தனிச் சொல் இல்லாமல் 'டே ஆஃப்டர் டுமாரோ' என்று நீட்டி முழக்க வேண்டியிருக்கிறது. இங்கே பேச்சில் 'நாளன்னிக்கு' என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

இன்னொரு பக்கம், ஆங்கிலம் 'டைம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளிக்கிறது. தமிழில் காலம் வேறு, நேரம் வேறு, வேளை வேறு, பொழுது வேறு, தடவை வேறு. 'த்ரீ டைம்ஸ் எ டே' என்று டாக்டர் எழுதிய மாத்திரையை மருந்துக் கடைக்காரர் "மூணு வேளை" என்று சொல்கிறார். வேளை என்றதும் சாப்பாடு கூடவே வந்துவிடுகிறது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போடவேண்டிய மாத்திரையையும் காலை, மதியம், இரவுச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்வது இந்தச் சொல்லின் வேலை. இதைத் தவறு என்பதைவிட, எந்தச் சொல்லில் சொல்கிறோம் என்பதில் மருந்துக் கடைக்காரர் கவனமாக இருக்க வேண்டும் என்பதே சரி. ஆனால் 'இன் டைம்', 'ஆன் டைம்' என்று ஆங்கில வகுப்பில் படாதபாடு படுத்துகிறார்களே, அதற்கு இங்கே அழகான ஜோடி இருக்கிறது. "நேரத்தோட வா" என்றால் முன்கூட்டியே வா. "நேரத்துக்கு வா" என்றால் சொன்ன நேரத்தில் வா. ஆசிரியர்கள் இதைச் சொல்லிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

'பை' என்பதும் 'அன்டில்' என்பதும் இதே போலத்தான். "ஆறு மணிக்குள்" என்றால் 'பை சிக்ஸ்', "ஆறு மணி வரை" என்றால் 'அன்டில் சிக்ஸ்'. வகுப்பறையில் குழம்பினால் ஒரு மதிப்பெண் போகும். வயல்வெளியில் குழம்பினால் தலை உடையும். தண்ணீர் குறைவான வருஷங்களில் முறை வைத்துப் பாசனம் நடக்கும். இந்த மடைக்கு இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை. உன் முறை ஆறு மணி வரை என்றால் ஆறடிக்கும் வரை தண்ணீர் உன்னுடையது. ஆறு மணிக்குள் பாய்ச்சிக்கொள் என்றால் முன்னதாக முடித்துவிட்டு மடையை விட வேண்டும். 'க்குள்' என்ற ஒட்டுக்கும் 'வரை' என்ற சொல்லுக்கும் நடுவில் ஒரு வயலின் ஈரம் இருக்கிறது.

ஆற்றங்கரை மக்கள் மணியைவிடப் பெரிய காலங்களையும் ஆற்றை வைத்தே சொன்னார்கள். ஸ்ரீரங்கம் கல்வெட்டுகளில் அரசனின் ஆட்சியாண்டு, ராசி மாதம், வளர்பிறை தேய்பிறை, திதி, கிழமை, நட்சத்திரம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அவற்றை ஆங்கிலத் தேதிக்கு மாற்ற எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-ல் வெளிவந்த தமது அட்டவணைத் தொகுதிகளில் பெரும் பாடுபட்டார். சாதாரண மக்களுக்கு அவ்வளவு வேண்டாம். 'தாது வருஷப் பஞ்சம்' என்றால் போதும். 1876-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்துக்கு வருஷத்தின் பெயரே பெயரானது. ஆனால் தமிழ் வருஷங்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1936-லும் தாது வந்தது, 1996-லும் வந்தது. தாத்தா சொல்லும் தாது எது, பேரன் பிறந்த தாது எது என்று குழப்பம். 1977 நவம்பரில் புயல் மழையில் திருச்சி மூழ்கியபோது அதை யாரும் பிங்கள வருஷ வெள்ளம் என்று சொல்லவில்லை. 'எழுபத்தேழு வெள்ளம்' என்றே சொன்னார்கள். நூறு ஆண்டில் ஊரின் நினைவு ஒரு காலண்டரிலிருந்து இன்னொரு காலண்டருக்கு மாறிவிட்டது.

ஆடிப்பெருக்கு மட்டும் மாறவில்லை. ஆடி 18 அன்று முக்கொம்பிலும் அம்மாமண்டபத்திலும் கூட்டம் தாங்காது. சித்திரான்னம் கட்டிக்கொண்டு வந்து, புதுத்தண்ணீருக்குப் பூஜை செய்து, தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். பட்டத்துக்கு நாள் குறிப்பதும் ஆடியை வைத்துத்தான். ஆனால் இங்கேயும் ஆங்கிலத் தேதி உள்ளே வந்திருக்கிறது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபின் டெல்டாவின் நாட்காட்டி 'ஜூன் 12' என்ற ஒரே தேதியில் தொங்குகிறது. அன்று அணை திறந்தால் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் முக்கொம்பு வரும், பிறகு கல்லணை. ஜனவரி 28 மூடும் நாள். "ஜூன் பன்னெண்டுக்குத் தண்ணி வருமா?" என்ற கேள்விக்குள் குறுவை உண்டா இல்லையா என்ற கேள்வி அடங்கியிருக்கிறது. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. இந்த இரண்டு தேதிக்கும் இடையே இரண்டு மாதம், ஒரு போகம்.

முக்கொம்பில் 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் கட்டிய மேலணைக்குக் காரணமும் ஒருவகையில் காலம்தான். கொள்ளிடம் பள்ளமாகப் பள்ளமாக, காவிரியில் தண்ணீர் நிற்கும் நாட்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தன. அணை அந்த நாட்களைத் திருப்பிக் கொடுத்தது. 180 ஆண்டு நின்ற பிறகு, 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. அருகிலேயே பின்னர் புதிய கதவணை கட்டினார்கள்.

அந்த மாதம் மேட்டூரிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. செய்தியில் விநாடிக்கு என்று வாசித்தது புது விநாடி. நாழிகைக் கணக்கர் ஒருவர் அதைக் கேட்டிருந்தால் 24 நொடிக்கு ஒரு லட்சம் கனஅடி என்று கணக்குப் போட்டுக்கொண்டு, பெரிய வெள்ளமில்லை என்று படுக்கப் போயிருப்பார்.